பதக்கம் மறைத்த பிறை

தண்டல் மரியான் சட்டையைக் கழற்றினான்; கழுத்துப் பதக்கத்தைக் கழற்ற மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். தோணியை நடத்தும் தண்டலாகக் கொழும்புக்குப் போய்வந்த இத்தனை காலத்தில் பனிமய மாதாவின் அந்த வெள்ளிப் பதக்கம் அவனை விட்டு இறங்கியதே இல்லை. இருமலில் ரத்தம் வந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். பதக்கத்தோடேயே எக்ஸ்ரே எடுத்தார்கள்.

வலது நுரையீரலின் மேல்பாகத்தில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி. அதன் உச்சியில் பதக்கம் சரிந்து அப்பியிருந்தது. புற்றாக இருக்கலாம், மேல்விளிம்பு தெரியவில்லை, பதக்கம் இல்லாமல் இன்னொரு படம் வேண்டும் என்றார் டாக்டர் கிருபாநிதி. யுத்தகாலம். ஃபிலிம் வந்து சேர நாளாயிற்று.

அதற்குள் மரியான் தோணியின் சுக்கானைத் தம்பி பவுலிடம் கொடுத்துவிட்டான். மனைவி இசபெல்லாவிடம் சளிக்கட்டி என்றான். அவள் தினமும் மாதா கோயிலுக்குப் போய்வந்தாள்.

ஃபிலிம் வந்த அன்று, இருமி இருமி அவனுக்கு நிற்கத் தெம்பில்லை. இசபெல்லாவே பதக்கத்தைக் கழற்றிக் கையில் பொத்திக்கொள்ள, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுத்தார்கள். கட்டிக்கும் விலாவுக்கும் நடுவே மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று தெரிந்தது. கறுப்பு என்றால் காற்று. டாக்டருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. அவனைத் தாங்கிப் பிடித்து நிறுத்தி இன்னொன்று எடுத்தார். பிறை இப்போது கட்டியின் உச்சிக்குப் போயிருந்தது, முன்பு பதக்கம் மறைத்திருந்த அதே இடத்துக்கு.

ஈரம் காயாத படங்களை வெளிச்சத்தில் பிடித்து அவர் இருவருக்கும் விளக்கினார். இளவயதில் வந்து ஆறிய சயரோகம் நுரையீரலில் ஒரு பொந்தை விட்டுப் போயிருக்கிறது. மழைக்காலத்தில் கருப்பட்டியில் பூக்குமே, அதுபோன்ற பூசணம் அந்தப் பொந்தில் விழுந்து வளர்ந்து உருண்டையாகிவிட்டது. புற்று சதையிலிருந்தே முளைப்பது, இடம் மாறாது. இது எதிலும் ஒட்டாமல் சும்மா கிடக்கிறது. ஆள் புரண்டால் அதுவும் புரளும்.

மரியான் படத்தின் பக்கமாகக் குனிந்தான்.

"கட்டாத பீப்பா மாதிரி. தோணி சாயுத பக்கம் உருளும். பாய்மரம் உருளாதுல்லா."

"அதேதான், தண்டல்."

இதைக் கரைக்க மருந்தில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ரத்தம் மறுபடியும் வரலாம், வந்தால் உடனே வரவேண்டும், பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கித் தூசிப் பக்கமே போகக்கூடாது. ஆனால் இதோடேயே பல வருஷம் வாழ்ந்தவர்கள் உண்டு என்றார்.

மரியான், படம் கழுவிய மருந்துத் தண்ணீர் சொட்டிய அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கே இதைக் கழத்தியிருந்தீர்னா, இத்தனை நாளு செத்துச் செத்துப் பொழச்சிருக்க வேண்டாம்" என்றாள் இசபெல்லா.

"ஒனக்குத் தெரியுமாளா?"

"சளிக்கட்டிக்கு எவனாவது சுக்கானைத் தம்பி கையில குடுப்பானா?"

டாக்டர் சிரித்துவிட்டார். தான் நாசரேத்துச் சபைக்காரன், மாதாவை வணங்காத புராட்டஸ்டண்டு; மாதா சமாச்சாரத்தில் வாய் திறக்கப் பயந்து அன்றைக்கு வற்புறுத்தாமல் விட்டது தன் தப்புதான் என்றார்.

பதக்கத்துக்காக மரியான் கை நீட்டினான். இசபெல்லா விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் மாதாவின் உருவம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் பதக்கத்தை எடுக்காமல் அந்தக் கையையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.