டீக்கன் கடித்த கை

1

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. பாம்பு வருகிற கதைதான், ஆனால் விஷமில்லாத பாம்பு. காலை மடக்காமல் நீட்டிக்கொண்டே கேட்கலாம். ஒரு கடியையும், அந்தக் கடி வெளியே இழுத்துப் போட்ட ஒரு பொய்யையும், அந்தப் பொய்யால் ஆட்டம் கண்ட ஒரு கல்யாணத்தையும் சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது முழுக்க என் சரக்கில்லை. மிஸ் ஓப்பல் (இந்த ஊரில் வயசான பெண்களை எல்லாம் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்) சலவைக் கடையில், இயந்திரத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பாதி சொன்னார். மீதிக்கு வருவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது. ஈரத்துணியைக் கூடையில் அள்ளிப்போட்டு, "வரேன்" என்று கிளம்பிவிட்டார். அந்தப் பாதிக் கதை என்னை உட்காரவிடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பூட்டிய கதவை மறுபடி போய்ப் பூட்டினேன். மீதியை நானே எழுதித் தீர்த்தால்தான் அடங்கும் போலிருந்தது.

எழுத உட்கார்ந்தால் ஆரம்பம் வரவில்லை.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், ஆனால் அமெரிக்காவில், தெற்கு ஜார்ஜியாவில்

(வேண்டாம். இந்த ஊரில் எந்தப் படையும் நடுங்காது. சட்டைப்பையில் பாம்போடு தபால் நிலையத்துக்கு வருகிறவர்களுக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றிருக்கிறேன்.)

ஹார்லன் நல்லவன். வாழ்க்கையில் அவன் சொன்னது ஒரே ஒரு

(இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே நல்லவன் என்று சான்றிதழ் கொடுத்தால் நீங்கள் அவன் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவீர்கள்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹார்லனின் வலது கை குழாய்த் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கையில் பாம்பு இருந்தது.

சரி, இது நிற்கிறது. ஆனால் இங்கே வர, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

2

ஹார்லன் ஏசி மெக்கானிக். அடுத்தவர் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்க் குழாய் மாட்டுகிறவன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவிருந்தது டார்லாவை, மிஸ் ஓப்பலின் மகளை. டார்லாவுக்கு இது இரண்டாவது. முதல் புருஷன் எதற்கெடுத்தாலும் பொய் சொல்வானாம். பல் தேய்த்தாயா என்று கேட்டால்கூட. அவனை அனுப்பிவிட்டு வெகுநாள் தனியாக இருந்தாள். ஹார்லனிடம் சரி என்று சொன்ன அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "என்ன வேணா செய். ஆனா எங்கிட்ட பொய் சொல்லாத. ஒண்ணு சொன்னாலும் நான் போயிடுவேன், திரும்பிப் பாக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அன்றைக்கே டார்லா அவன் வீட்டுக்குக் குடிவருகிறாள். அவளோடு டீக்கனும்.

டீக்கன் ஒரு சோளப்பாம்பு.* அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வளர்க்கிறாள். கிழவன். செம்மஞ்சள் உடம்பு, முதுகு நெடுகக் கருப்பு விளிம்பு கட்டிய சிவப்புத் திட்டுகள். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிற உதவியாளர், டீக்கனைப் போல அவசரமே இல்லாமல் நகர்வானாம், அதனால் அந்தப் பெயர்.

* நம் ஊர்ச் சாரைக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தால் பலநிறச் சோளக்கதிர் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். எலிதான் சாப்பாடு. இந்த ஊர் வீடுகளில் குளிர்பெட்டியைத் திறந்தால் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் உறைந்த சுண்டெலிப் பொட்டலம் இருக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

3

இந்த இடத்தில் ஹார்லன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பொய்யை வெறுக்கிற பெண்ணிடம், அதைத் தெரிந்துகொண்டே ஒருவன் பொய் சொல்வானா? இரண்டு நாள் அவனை எழுதாமல் விட்டுவைத்தேன். பிறகு தோன்றியது: பெரிய பொய் சொல்கிறவன் யோசித்துச் சொல்வான். சின்னப் பொய் வாய் தவறி விழுவது. விழுந்தபிறகு அதற்குக் கால் முளைத்துவிடும்.

வசந்த காலத்தில் ஒருநாள் டார்லா அவனுக்குப் போன் செய்தாள். "டீக்கனுக்கு எலி தீந்துபோச்சு. வர்ற வழியில கடையில வாங்கிட்டு வந்துடேன்."

கடையில் உறைந்த எலி இல்லை, உயிரெலிதான் இருந்தது. காகிதப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான். சிக்னலில் நின்றபோது உள்ளே சுரண்டுகிற சத்தம். காற்றோட்டத் துளை வழியாக ஒரு மூக்கு வெளியே வந்தது. இளஞ்சிவப்பு மூக்கு, நிற்காமல் துடிக்கிற மூக்கு. அவன் ஏதோ நினைவில் விரலை நீட்டினான். அது முகர்ந்துவிட்டு, கட்டைவிரலை லேசாக நக்கியது.

விளக்கு பச்சையானது. டார்லா வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். வண்டி நேராக, அவன் வீட்டுக்கே போய்விட்டது.

"கடை மூடியிருந்துச்சு," என்று போனில் சொன்னான்.

எலியை விட்டுவைத்திருந்த வாளிக்குள் மறுநாள் காலை பார்த்தால் ஒரு எலி ஒரு கும்பலாகியிருந்தது. சினையெலி! மயிரில்லாத, அவரைக்கொட்டை அளவுக் குட்டிகள். இப்போது போய் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தான். அடுத்த வாரம் குட்டிகளுக்குக் கண் திறந்தது. டார்லா வரும்போதெல்லாம் பின்னறையைப் பூட்டினான். "உள்ள கருவி சாமானெல்லாம் சிதறிக் கிடக்கு" என்றான். பார்த்தீர்களா, கால் முளைத்துவிட்டது.

4

மிஸ் ஓப்பல் குடும்பத்தில் ஒரு வழக்கம். பாம்பு வீடு மாறினால் பெட்டியோடு கொடுக்கமாட்டார்கள். எல்லாரும் பார்க்க, பழைய கையிலிருந்து புதிய கைக்கு மாற்றுவார்கள். அதற்காகத்தான் அந்த ஞாயிறு விருந்து. பொரித்த கோழி, சோளரொட்டி, ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர். ஹார்லனுக்கு எதுவும் இறங்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

அவன் பயந்தது பாம்புக்கு அல்ல. டீக்கனை எத்தனையோ முறை தோளில் போட்டுக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமைக்குத்தான் பயந்தான். அதற்குள் எலிகளை எங்கே கொண்டுபோவது? இல்லை, டார்லாவிடம் சொல்லிவிடுவதா?

டார்லாவின் அண்ணன் வெர்னன் கவனித்துவிட்டான். "என்ன மாப்ள, இப்படி வேர்க்குது? டீக்கன் உன்னப் புடிச்சு ஞானஸ்நானம் குடுத்துடுவான்னு பயமா?"

"நீ வாய மூடிட்டு ரொட்டியத் தின்னு," என்றாள் டார்லா.

மிஸ் ஓப்பல் டீக்கனை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். "ஒரு வாரத்துக்கு மேல இரை போடல தம்பி. சனிக்கிழமை வண்டியில ஏத்துறப்ப வயித்துல எலி இருந்தா கக்கிடும். அதனால கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பான். மெதுவா வாங்கிக்கோ."

"சரிங்க, மிஸ் ஓப்பல்."

காலையில் எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்துவிட்டு, சோப்பு போட்டு முழங்கைவரை கழுவித்தான் வந்திருந்தான். ஆனால் சட்டையை மாற்றவில்லை. தாயெலிக்கு அவன் சட்டைக் கைக்குள் புகுந்து தோள்வரை ஏறி இறங்குவது ஒரு விளையாட்டு.

டீக்கனின் நாக்கு அவன் கட்டைவிரலைத் தொட்டது. நகர்ந்தது. சட்டைக்கையின் மடிப்புக்கு வந்து நின்றது. கழுத்து பின்வாங்கி வளைந்தது.

"தம்பி, கைய..." என்று மிஸ் ஓப்பல் வாயெடுத்தார்.

5

கடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து ஊசி சேர்ந்து குத்தினாற்போல. மணிக்கட்டில்.

"இழுக்காத!" மூன்று பேரும் ஒரே குரலில்.

அந்தப் பல்லெல்லாம் உள்பக்கம் வளைந்த பல். இழுத்தால் தோல் கிழியும், பாம்புக்கும் பல் உடையும். கடித்த வாயை அதுவாக விடும்வரை விட்டுவைக்கவேண்டும். ஹார்லன் இழுக்கவில்லை. கடைசியில் நடக்கவேண்டியதுதானே நடந்தது என்பதைப் போல நின்றான்.

"அட, அசையல பாரேன்! தேறிட்டான்மா உன் மருமவன்," என்றான் வெர்னன்.

மிஸ் ஓப்பல் சிரிக்கவில்லை. டீக்கன் வாயை விடாமல், உடம்பை அந்தக் கையில் ஒரு சுற்று சுற்றி, இன்னொரு சுற்றும் போட்டு இறுக்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயத்துல கடிச்சா சுருக்குன்னு கொத்திட்டு விட்டுடுவான். இவன் விடல. சுத்துறான்." நிமிர்ந்தார். "இது கோவக்கடி இல்ல. சாப்பாட்டுக் கடி. உன் கையில எலி வாசன அடிக்குது தம்பி."

"பொரிச்ச கோழியா இருக்கும்மா," என்றாள் டார்லா.

"அவன் கோழியத் தொடவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

6

[கிழித்துப்போட்ட பக்கம்: ஹார்லன் கண்ணீரோடு உண்மையைச் சொன்னான். அந்தக் கணமே டீக்கன் வாயைத் திறந்து, சுற்றைத் தளர்த்தி]

இல்லை கண்ணுங்களா, உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை. பாம்புக்கு உண்மையும் தெரியாது பொய்யும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வாசனை.

நடந்தது இதுதான். குழாயடிக்கு இழுத்துப்போனார்கள். குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். "ஞானஸ்நானம்னு சொன்னேன்ல!" என்றான் வெர்னன். மிஸ் ஓப்பல் வாய் கொப்பளிக்கிற மருந்தில் இரண்டு சொட்டு பாம்பின் வாயோரத்தில் விட்டார். சுவை பிடிக்காமல் டீக்கன் வாயைப் பிளந்தது. டார்லா சுற்றுகளை வாலிலிருந்து பிரித்தெடுத்து, தலையணை உறைக்குள் இறக்கி முடிச்சுப் போட்டாள்.

கை விடுபட்டுவிட்டது. வேலைக்குப் போன வீட்டில் எலி இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்புவார்கள். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. (நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.)

"எங்கிட்ட எலி இருக்கு, டார்லா. வீட்ல. வளக்குறேன்."

வெர்னன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. "அடேய், டீக்கனுக்கு மச்சானாகப் போறவன் எலிக்கு அப்பனா!"

"வெளிய போடா," என்றார் மிஸ் ஓப்பல். அவன் போகவில்லை.

டார்லா கேட்டாள், "எப்பலேர்ந்து?"

"நீ வாங்கிட்டு வரச் சொன்னியே, அன்னிலேர்ந்து. அதத்தான்... குடுக்க முடியல. கடை மூடியிருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் குழாயை மூடினாள்.

"நான் அன்னிக்கு அந்தக் கடைக்குப் போன் பண்ணுனேன், தெரியுமா? பட்டப்பகல்ல எதுக்குக் கடைய மூடுறீங்கன்னு சண்ட போட்டேன். நாங்க மூடவே இல்லம்மான்னு அந்தாளு சத்தியம் பண்ணுனாரு. ஹார்லன் சொன்னான், ஹார்லன் பொய் சொல்ல மாட்டான், நீங்கதான் பொய்யர்னு சொல்லி வச்சிட்டேன்."

வெர்னன்கூடத் தேநீரைக் கீழே வைத்தான்.

மிஸ் ஓப்பல்தான் ஹார்லனிடம் கேட்டார். "பேரு கீரு வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"தாய்க்கு என்ன பேரு?"

ஹார்லன் தரையைப் பார்த்தான். "மிஸ் ஓப்பல்."

மிஸ் ஓப்பல் மருந்து பாட்டிலை எடுத்து இறுக்கி மூடினார்.

"அது ரொம்ப... கண்டிப்பானதுங்க. குட்டிங்கள அப்படிப் பாத்துக்கும்."

"கடிக்குமா?"

"கடிக்கும்ங்க."

"நல்லது," என்றார் மிஸ் ஓப்பல்.

டார்லா சிரிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தாள். "வா. காட்டு."

7

சலவை இயந்திரம் இந்த இடத்தில்தான் நின்றது. இதற்கு மேல் எல்லாம் என் கற்பனை.

ஒரு முடிவில் அவளைச் சிரிக்கவைத்தேன். டீக்கன் முன்னறையில், எலிகள் பின்னறையில், நடுவில் இரண்டு கதவு. முதலில் பாம்பைத் தொடு, பிறகு எலியைத் தொடு, மாற்றித் தொடாதே என்று மிஸ் ஓப்பல் சட்டம் போட்டார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் சண்டை போட்ட டார்லா அவ்வளவு சீக்கிரம் சிரிப்பாளா? இன்னொரு முடிவில் மோதிரத்தைக் கழற்றிக் கூண்டின்மேல் வைத்தாள். அதை எழுதிவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். அவன் கை நழுவவிட்ட பொய்யையும், தானாகவே எடுத்து வைத்த உண்மையையும் ஒரே தராசில் நிறுக்க எனக்குக் கை வரவில்லை.

அதனால் கூண்டுவரை மட்டும் கூட்டிப்போகிறேன்.

பைன் மரங்களுக்கு நடுவே வழி முழுக்க அவளே வண்டியை ஓட்டினாள். பின்னறைப் பூட்டைத் திறக்க அவனுக்கு இரண்டு சாவி தவறியது. உள்ளே மரத்தூள் வாசனை. ஆண்கள் ஒரு கூண்டு, பெண்கள் ஒரு கூண்டு என்று பிரித்துவைத்திருந்தான். டார்லா மண்டியிட்டாள்.

"எது நான் வாங்கிட்டு வரச் சொன்னது?"

அவன் காட்டினான். கொஞ்சம் பெருத்தது, ஒரு காது மடிந்தது. பின்னங்காலில் உட்கார்ந்து, யார் வந்தால் எனக்கென்ன என்று முகம் கழுவிக்கொண்டிருந்தது. அவள் இரையாக மட்டுமே பார்த்திருந்த ஒன்று. வெகுநேரம் பார்த்தாள். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. பிறகு, தலையைத் திருப்பாமலே, பேச வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் பொய் பொறுக்காத ஒரு டார்லா இருப்பாள்; அவள் வாயைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருங்கள், உங்களுக்கே கேட்கும்.

போய் வாருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் பசித்த வயிறு எதுவும் காத்துக்கிடக்க வேண்டாம். பூட்டிய அறை இருந்தால், திறக்கிறவனுக்கு இரண்டு சாவி தவறினாலும் பூட்டு திறக்கட்டும். கூடவே வந்து மண்டியிட்டுப் பார்க்க ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். பெரிதும் சிறிதுமாக உங்கள் கூரைக்குக் கீழே மூச்சு விடுகிற எல்லா உயிரும் சேமமாயிருக்கட்டும்.