மூடி விழாத இடம்

...பதினொன்று, பதினொரு பல், அதைத்தான் சொல்லப்போகிறாள், சொல்லட்டும், என் மகள் வாயால் அது வானொலியில் ஏறி ஊரெல்லாம் கேட்கட்டும், அன்று என்னோடு மோதிய கிரேன்காரன் கொம்பன் காதிலும் விழட்டும், அவனுக்கு மிச்சமிருக்கும் பல்லெல்லாம் ஆடட்டும்... நான் ஷெட்டின் மூலையில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறேன், பேட்டி முடிகிறவரை மூச்சுவிடக்கூடாது என்று எனக்கு உத்தரவு, வானொலிக்காரி கையிலிருக்கும் மைக்குக்கு ரோமச் சட்டை போட்டிருக்கிறாள், கழுத்தைத் திருகிப் போட்ட பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது, அதை என் மகளின் மூக்கடியில் நீட்டிக்கொண்டு கேட்கிறாள், “புதுப் பாட்டு எல்லாத்துலயும் ஒரே அடிதடி, ரத்தம், எலும்பு முறியிற சத்தம். இதெல்லாம் எங்கேர்ந்து வருது? யாரோட பாதிப்பு?” எங்கேயிருந்தா? தாயே, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, டயர் மேல் வழுக்கைத் தலையோடு ஒரு பாதிப்பு உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்.

இவர்கள் இசைக்குழு ஆரம்பித்தபோது என்ன பாடினார்கள்? மேகம், ஜன்னல், பிரிந்துபோன காதலி, மறுபடி மேகம்... கேட்டால் கொட்டாவியில் தாடை கழன்றுவிடும், ஷெட்டிலிருந்த கரப்பான் பூச்சிகளே குடும்பத்தோடு காலி பண்ணிக்கொண்டு போயின. போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் சண்டையைச் சொன்னேன், பாடுகிறவன் ஒட்டகம், கழுத்தைப் பார்த்து நான் வைத்த பேர், அவன் கையிலிருந்த ஸ்பூன் வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றது, அன்றோடு மேகம் செத்தது. இப்போது இவர்கள் வாசித்தால் சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் கட்டிய மெத்தைகள் பஞ்சைக் கக்குகின்றன, ஒட்டகத்தின் குரல் தொண்டையை ரம்பத்தால் அறுப்பது மாதிரி, கிடார் தகரத்தைக் கிழிப்பது மாதிரி, நடுவில் என் மகள், ஆள் என் தோளுக்கு வரமாட்டாள், டிரம்மோடு ஜென்மப் பகை இருப்பது போல அடிக்கிறாள், தோல் கிழிகிறது, குச்சி முறிகிறது, ஒரு தடவை முறிந்த துண்டு ஒட்டகத்தின் காதைச் சீவிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்று ஆடியது, ரத்தம் காலரில் இறங்க இறங்க அவன் பாடிக்கொண்டே இருந்தான், எதிர்வீட்டுச் சுவர் விரிசல் விட்டது, சரி, விரிசல் முன்பே இருந்தது, ஆனால் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை.

“எல்லாம் இவங்க அப்பாவோட கதைதாங்க,” என்கிறான் ஒட்டகம், தங்கமான பையன், அவன் கழுத்து இன்னும் ஒரு முழம் வளரட்டும்... நான் எழுந்துவிட்டேன், “அப்பா, உட்காருங்க,” என்று மகள் குச்சியை நீட்டுகிறாள், உட்கார்ந்துவிட்டேன், ஆனால் மனம் உட்காருமா, அது யார்டுக்கு ஓடிவிட்டது. பழைய கார்களை நசுக்குகிற யார்டு, நான் பிரஸ்காரன், கிரேனில் தொங்கி வரும் காரை என் பிரஸ்ஸுக்குள் இறக்குவான் கொம்பன், நான் லீவரை இழுத்தால் மேலேயிருந்து இரும்புத் தட்டு இறங்கும், முதலில் கண்ணாடி வெடிக்கும், அப்புறம் கூரை கனைக்கும், அப்புறம் அடிச்சட்டம் விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாக முறியும், கடைசியில் ஒரு கல்யாண ஊர்வலமே உட்கார்ந்து போன கார் சூட்கேஸ் அளவுக்குக் கட்டியாகி வெளியே வரும், எனக்கு அதில் என்ன ஆனந்தம்! ஒரே ஒரு விதிதான், பிரஸ் உள்ளே நான் கண்ணாடித்தூள் கூட்டிவிட்டு வெளியே வந்து கையைத் தூக்க வேண்டும், அப்போதுதான் அவன் இறக்க வேண்டும். அன்று நான் கை தூக்கவில்லை. உள்ளே குனிந்துகொண்டிருந்தேன், அவன் விளையாட்டுக்கு இறக்கினான், பம்பர் என் காதைக் கிழித்துக்கொண்டு போனது, மேலேயிருந்து சிரிக்கிறான்... ஏணியில் ஏறி அவன் காலைப் பிடித்து இழுத்தேன், இரண்டு ஆள் உயரத்திலிருந்து மூட்டை மாதிரி விழுந்தான், சங்கிலியை எடுத்து வீசினான், என் முதுகுத்தோல் சட்டையோடு வந்தது, நான் கார்க் கதவு ஒன்றைப் பிடுங்கி, வெறும் கையால், அதன் விளிம்பால் வாயில் ஒன்று கொடுத்தேன், பல் மழை, சோளம் உதிர்வது மாதிரி, பதினொன்று, இரண்டு நாய்கள் ஆளுக்கொன்றாய்க் கவ்விக்கொண்டு ஓடின. அப்புறம்தான் கதையின் கிரீடம். அவன் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரஸ் உள்ளே தலையை வைத்து, ஒரு கை அவன் பிடரியில், ஒரு கை லீவரில், தட்டு இறங்குகிறது, அவன் கண்ணில் நான் குட்டியாகத் தெரிகிறேன், எண்ணெய் ஒரு சொட்டு அவன் நெற்றியில்... அப்புறம் விடுகிறேன், “போடா, பொழைச்சுப் போ.” எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மகள் பால்பல் விழாத வயதிலிருந்து, சமையலறையில் பாத்திரங்கள் இடிபட்டுக்கொண்டே இருக்கும், என் வீட்டுக்காரி சமைத்தால் போர்க்களம்தான், நான் தூக்கத்திலும் பேசுகிறவன், ராப்பகலாக அவளுக்கு நானே வானொலி, பாவம், என்ன செய்வாள்.

உண்மையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும், போனது ஒரு பல், அதுவும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, கதவு தரையில் கிடந்தது, அவன்தான் தடுக்கி அதன் மேல் போய் விழுந்தான்... ஆனால் ஒரு பல்லை வைத்துக்கொண்டு யாராவது பாட்டுக் கட்ட முடியுமா? அந்தப் பிரஸ் கட்டம் முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு, மேசையில் உட்கார்ந்து மகளுக்குச் சொல்லும்போது அந்த நிமிஷத்தில் உதித்தது, அவள் கண் விரிந்த விரிவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன் தட்டை, என் வாழ்க்கையிலேயே அழகான பொய், தலையில் வைத்துக் கொண்டாடலாம்.

“இல்லீங்க,” என்கிறாள் மகள், என்ன இல்லீங்க? “கதை அப்பாவோடது. அடி அம்மாவோடது.” வானொலிக்காரி புரியாமல் பார்க்கிறாள், நானும்தான் பார்க்கிறேன். “சின்ன வயசுல எனக்கு இதுல எது நிஜம், எது புளுகுன்னு தெரியாதுங்க. அம்மா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, இவரு புளுகுற இடம் வந்தா பாத்திர மூடியை எடுத்து டங்குனு ஒரு போடு போடுவாங்க. மூணு பல்லுன்னா ஒரு டங். ஏழுன்னா பெரிய டங். நாய் வந்துச்சுன்னா ரெண்டு மூடியும் சேர்ந்து விழும். நான் டிரம் கத்துக்கிட்டதே அதைக் கேட்டுத்தான். இப்ப இவன் பாடுறப்போ பொய் வர்ற இடத்துல எல்லாம் நான் அடிக்கிறேன். அவ்வளவுதான் எங்க புதுப் பாட்டு.” அடிப்பாவி! இரண்டு பாவிகளும்! இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் கச்சேரி நடந்திருக்கிறது, நான் தாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்... ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே கதவு, அது திறந்துதான் இருக்கிறது, உள்ளேயிருந்து வெங்காயம் நறுக்கும் சத்தம் நிற்காமலேயே குரல் மட்டும் வருகிறது, “பின்னே? புள்ளை அத்தனையும் நம்பிடும்ல? ஒரு ஆளு அடக்க வேணாமா இவரை?” ஒட்டகம் விழுந்து விழுந்து சிரிக்கிறான், கழுத்து இரண்டாக மடிகிறது, எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர், தோற்றாலும் இப்படித் தோற்க வேண்டும், மூக்கில் ரத்தம் வரும்படி.

“அப்போ அந்தப் பாட்டு நடுவுல டிரம்மே இல்லாம ஒரு இடம் வருதே, எனக்கு அங்கதான் மயிர்க்கூச்செறிஞ்சது. அது என்ன?” என்கிறாள் வானொலிக்காரி. மகள் குச்சியை விரலில் சுழற்றிக்கொண்டே, வெகு சாதாரணமாக, “அது பிரஸ்ல தலை வைக்கிற இடங்க. அங்க மட்டும் அம்மா ஒரு நாளும் அடிச்சதில்லை. அதனால நானும் அடிக்கறதில்லை,” என்கிறாள்.

ஒரு நாளும் அடிச்சதில்லையா... பல்லுக்கு அடித்தாள், நாய்க்கு அடித்தாள், சங்கிலிக்குக்கூட அடித்திருப்பாள், சங்கிலி நிஜமடி, தழும்பு இருக்கிறது, அதற்கே அடித்தவள் இதற்கு ஏன் அடிக்கவில்லை, ஒருவேளை அந்தச் சமயம் பார்த்துக் குழாயடிக்குப் போயிருப்பாளோ, ஒவ்வொரு தடவையுமா? அப்படியென்றால் நம்பியிருக்கிறாள். ஒரு மனுஷனின் பிடரியைப் பிடித்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் தட்டை இறக்குகிறவன் என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், அந்தக் கையில்தான் பிறந்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள், அந்தக் கைக்குத்தான் சோறு போட்டாள்... கோபத்தில் நான் குரலை உயர்த்தினால் சட்டென்று வேறு அறைக்குப் போய்விடுவாளே, அதை நான் பொறுமை என்றல்லவா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். யார் சொல்லியிருப்பார்கள் அவளுக்கு? யார்டுக்கு அவள் வந்ததே இல்லை. அன்று சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்து விழுந்தேன், காதில் கட்டு, காய்ச்சல், ராத்திரி முழுக்க உளறினேன் என்றாள் காலையில், என்ன உளறினேன் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, என் உளறல் எனக்குத் தெரியாதா?

“ஐயா, நீங்களே ஒரு தடவை சொல்லுங்களேன், அம்மா மூடியோட சேர்த்துப் பதிவு பண்ணிக்கிறேன்,” என்று பூனைக்குட்டி என் முகத்துக்கு வருகிறது, மகள் டிரம்மை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள், சமையலறையில் வெங்காயம் நின்றுவிட்டது, கதவு வழியே அவள் பாதி தெரிகிறாள், கையில் மூடி, முகத்தில் சிரிப்பு, பார் அந்தச் சிரிப்பை, இதற்காகவே சொல்லலாம். சொல்கிறேன். ஏணியில் பறந்து ஏறினேன் என்கிறேன், டங். கதவை ஒற்றை விரலால் பிடுங்கினேன், டங். பதினொரு பல், டங், பன்னிரண்டு என்று திருத்துகிறேன், அதைவிடப் பெரிய டங், ஒட்டகம் கைதட்டுகிறான், நாய் இரண்டல்ல நான்கு, டங் டங், காது நன்றாகத்தான் கேட்கிறது அவளுக்கு. இப்போது கொம்பன் முடியைப் பிடித்து இழுக்கிறேன், தலையை உள்ளே வைக்கிறேன், ஒரு கை லீவரில்... சத்தமில்லை. தட்டை இறக்குகிறேன், இன்னும் கீழே, எந்தத் தடவையும் இறக்காத அளவுக்கு, அவன் மூக்கு நுனியில் இரும்பு தொட்டுவிட்டது, பச்சைப் பொய்டி இது, மூக்கு நசுங்கிற்று, அவன் கண் பிதுங்கிற்று, வானம் இடிந்தது, மின்னல் வெட்டிற்று, டங்குனு ஒண்ணு போடேன்டி, ஒரே ஒரு தடவை... அவள் மூடியைப் பிடித்தபடியே நிற்கிறாள், சிரிப்பு எங்கே போயிற்று, என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். கதைக்கு அபிநயம் பிடிக்கத்தான் தூக்கினேன் அதை, அந்தரத்தில், எதுவோ பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருக்கின்றன, விரிக்கலாம், விரித்துவிடலாம், ஆனால் உள்ளங்கையில் ஏன் இத்தனை குளிர்ச்சி, லீவர் இரும்பின் குளிர்ச்சி...