தொண்ணூறு கிராம் புரதம்

காலை ஆறு இருபது. குளியலறைத் தராசு நூற்றொன்று புள்ளி நான்கு என்றது. அவள் இறங்கி மறுபடி ஏறினாள். அதே எண். மூன்றாம் முறை ஏறவில்லை. எந்திரத்தை நம்பாதவள் எந்திர வேலைக்கு வந்திருக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் அது நூற்றுப்பத்தாக இருந்தது. இன்னும் பத்தொன்பது நாள். நூற்றுக்குக் கீழே வந்தாக வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இந்த வருடம் கம்பெனி சேஃப்டி பெல்ட்டை மாற்றியது. புதிய பெல்ட் நூறு கிலோவைத்தான் தாங்கும் என்று அதன் முத்திரையிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நாள், லிஃப்ட் ஓடும் கிணறு போன்ற சுரங்கத்துக்குள் இறங்கும் எல்லோரையும் சீருடையும் பூட்ஸுமாக எடை போடுவார்கள்; வீட்டிலும் அவள் அப்படியேதான் ஏறிப் பார்ப்பாள். அதே நாளில் கைச்சக்கரச் சோதனையும் உண்டு. மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உச்சி அறையில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை அடுத்த தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு நிமிடம் கெடு.

இரண்டில் ஒன்றில் தவறினாலும் புகார் மேசை. கணுக்கால் பிசகியபோது அங்கே மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறாள். காதில் ஹெட்போன். லிஃப்டுக்குள் கண்ணாடியில் கைரேகை இருக்கிறது என்று ஒருவர் தினமும் கூப்பிடுவார். நான்காவது வாரம் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் உணவு ஆலோசகர் கொடுத்த தாள், நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்குப் புரதம் 90 கிராம், கொழுப்பு 70 கிராம், மாவுச்சத்து 40 கிராமுக்குள். ஆலோசகர் அன்று அரை மணி நேரம் பேசினார். அவள் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிங்குக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றால் இத்தனை மில்லிமீட்டர். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

சிறிய தராசில் வேகவைத்த கோழியை வைத்தாள். முப்பத்திரண்டு காட்டியது. ஒரு நாரைக் கிள்ளி எடுத்தாள். முப்பது. மூன்று வேளைக்கு முப்பது முப்பதாகத் தொண்ணூறு. வெண்ணெயும் எண்ணெயும் பாதாமும் சேர்ந்து எழுபது. கீரை வேண்டிய அளவு. ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை வீட்டுக்குள் நுழைந்து ஒன்பது வாரம் ஆகிறது. ஒரு நாளும் ஒரு கிராம் பிசகவில்லை.

பாதாம் டப்பாவின் மூடிதான் திறக்கவில்லை. இரண்டு முறை முயன்றாள். கணவர் வந்து வாங்கித் திறந்து கொடுத்தார். அவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா எப்போதும் கிடக்கும். குளிக்கும்போது மட்டும் இருக்காது என்பது அவள் கேலி.

"மூடி ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றாள்.

"நேத்து நீதானே மூடின."

"அதான் இறுக்கமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நாடாவை எடுத்து அவள் மேல்கையைச் சுற்றிப் பிடித்தார். 

"என்னங்க, காலங்காத்தால?"

"இடுப்பு ஏழு இஞ்ச் இறங்கினது சரி. பேன்ட்ட மூணு தடவ பிடிச்சுத் தச்சாச்சு. கை ஏன் ரெண்டு இஞ்ச் இறங்கியிருக்கு? நான் சட்டைக்கையையும்ல பிடிக்க வேண்டியிருக்கு."

"குண்டா இருந்த கை ஒல்லியாகாதா?"

"கொழுப்பு போனா தோல் தளரும்மா. இது உள்ள சரக்கே காலியான மாதிரி இருக்கு. துணி புடிச்ச கைக்குத் தெரியும்."

"உங்க நாடாவுக்கு வாய் நீளம்" என்றாள். கேட்டதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவளைப் போலத் தட்டைக் கழுவினாள். ஆனால் கேட்டது. நான்கு வாரத்துக்கு முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. நடுவில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. போன வருடம் அதே சக்கரத்துக்கு மூன்றே நிமிடம்தான் எடுத்திருந்தாள்.

அன்றைய வேலை ஓர் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில். ஆள் நிறைந்தால் லிஃப்ட் முனகுகிறது என்று புகார். கூட வந்தவன் குண்டூசி. நாற்பது வயது, ஐம்பத்திரண்டு கிலோ. பதினோரு வருடமாக அவளோடு ஜோடி. அந்த ஏழு நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொன்னவனும் அவன்தான். எந்தப் பெல்ட்டைப் பற்றியும் அவனுக்குக் கவலை கிடையாது.

"அக்கா, எனக்கு ஒரு பத்து கிலோ தள்ளிவிடுங்க. கணக்கு நேராயிடும்."

"உன்கிட்ட குடுத்தா தாங்க மாட்ட. காத்துல பறக்கறவன் நீ."

பெட்டிக்குள் பாதி பாரம் ஏற்றினார்கள். பெட்டிக்கு மறுபக்கம் சுவரோரமாகக் கவுன்டர்வெயிட் தொங்கும். ஒரு சட்டத்துக்குள் அடுக்கிய இரும்புக் கட்டிகள். பாதி பாரத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பிரேக்கை விட்டால் பெட்டி அசையாமல் நிற்க வேண்டும். உச்சி அறையில் பிரேக் கம்பியைத் தளர்த்தினாள். பெட்டி தானாகக் கீழே நழுவியது.

"கவுன்டர்வெயிட் பத்தலடா."

"கட்டி எண்ணி வச்சிருக்கேன்க்கா. இருபத்தி நாலு. ஒண்ணும் குறையல."

பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு சட்டத்தைப் பார்த்தார்கள். இருபத்து நான்கு கட்டிகள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே நீளம், எல்லாவற்றிலும் முப்பது கிலோ என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து. மேல் கட்டியை எடுக்க இருவர் வேண்டும். அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பிடித்துத் தூக்கினாள். வந்துவிட்டது. ஒற்றைக் கையால் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

"பாத்தியா!" என்றாள். சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. "ஏழு நிமிஷம்னு என்னமோ இழுத்தியே. முப்பது கிலோடா. ஒத்தக் கை."

குண்டூசி வாயைப் பிளந்தான். பிறகு பார்வை கட்டிக்குப் போனது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓரத்தைச் சுரண்டினான். கறுப்பு உரிந்தது. உள்ளே சாம்பல் நிறம். பொடியாக உதிர்ந்தது.

"அக்கா. இது கான்கிரீட்."

அவள் கட்டியை இறக்கி வைக்கவில்லை. கொக்கித் தராசில் மாட்டினாள். பத்து கிலோ இருநூறு. அதற்குக் கீழிருந்த ஐந்தும் அப்படியே. முன்பு பழுது பார்த்த எவனோ இரும்புக்குப் பதிலாகக் கான்கிரீட்டை வார்த்து, பெயின்ட் அடித்து, எழுத்தையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

"முப்பதுன்னுதானே எழுதியிருக்கு" என்றான் குண்டூசி.

"எழுத்த யாரு தூக்கறா? உள்ள என்ன இருக்கோ அதத்தானே தூக்கறோம்."

சொல்லிவிட்டு நின்றாள். சொன்னது தன் வாயிலிருந்துதான் வந்தது என்றாலும் யாரோ தனக்குச் சொன்னதைப் போல இருந்தது. அவள் கண்முன் கோழித் துண்டு வந்தது. வேகவைத்து எடுத்தால் பாத்திரத்தில் தண்ணீர் விடும் கோழி. முப்பது கிராம் என்று தராசு சொன்ன கோழி.

"என்னக்கா, மயக்கமா?"

"இல்ல. நானும் கான்கிரீட்டத்தான் அடுக்கியிருக்கேன்."

சாயங்காலம் பையைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். சீஸ் பாக்கெட்டைத் திருப்பினாள். நூறு கிராமில் புரதம் இருபத்தைந்து கிராம். வெண்ணெய் பாக்கெட்டைத் திருப்பினாள். நூறு கிராமில் கொழுப்பு எண்பத்தொன்று. பிறகு கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். நான்கு ஓரமும் கச்சிதமாக ஒட்டிய தாள். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள்.

பின்பக்கம் முழுக்க அட்டவணை. கோழி நூறு கிராமில் இருபத்தேழு. மீன் இருபத்திரண்டு. முட்டை ஒன்றில் ஆறு. கீழே ஆலோசகரின் கையெழுத்தில்: "உணவின் எடை வேறு, அதிலுள்ள புரதத்தின் எடை வேறு. இந்தப் பக்கத்தைத் தினமும் பார்க்கவும்."

அவள் சிரித்தாள். கணவர் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னம்மா?"

"ஒம்பது வாரமா பாதி படத்த வச்சு லிஃப்ட் மாட்டியிருக்கேன்." மேசைமேல் தாளைப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். எண்ணெய் முழுக்க எண்ணெய். வெண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே கொழுப்பின் பக்கம் ஏறக்குறையச் சரியாக ஏறியிருந்தது. கோழியோ முக்கால்வாசி தண்ணீர். தொண்ணூறு வேண்டிய இடத்தில் அவளுக்குக் கிடைத்தது பாதாமையும் சேர்த்தால் கூட முப்பதுதான். மீதியை உடம்பு தேடியிருக்கிறது. கைக்கு அருகில் இருந்ததையே எடுத்துக்கொண்டிருக்கிறது. கைகளையே.

"அப்ப என் நாடா சொன்னது சரி" என்றார்.

"உங்க நாடாவுக்கு ஒரு கோயில் கட்டறேன். முட்டை எத்தன இருக்கு?"

மறுநாளிலிருந்து தட்டு மாறியது. காலையில் மூன்று முட்டை. மதியம் நூற்று இருபது கிராம் கோழி. இரவில் நூற்றைம்பது கிராம் மீன். நடுவில் ஒரு துண்டு சீஸ். முட்டையோடும் மீனோடும் கொழுப்பும் கூடவே வந்தது. அதை வெண்ணெயிலும் பாதாமிலும் கழித்தாள். புரதத்தைக் கூட்டிவிட்டுக் கொழுப்பை அப்படியே விட்டால் எடை இறங்காது. கொழுப்பை ஒரேயடியாக வெட்டினால் மூன்று மணிக்குக் கண் இருட்டும். இரண்டு நாள் முன்னும் பின்னும் நகர்த்தி, அறுபதில் நிறுத்தினாள். பிரேக்கை விட்டால் பெட்டி நழுவாமல் நிற்கிற இடம் அது.

நாலாம் நாள் தராசு நூற்றொன்று புள்ளி ஏழு என்றது.

"ஏறுதே அக்கா" என்றான் குண்டூசி. அவன் முகம் சுருங்கியிருந்தது. "நாள் நெருங்குது. பேசாம பழைய மாதிரியே பட்டினி கெடந்து எடைய முடிச்சிருங்க. சக்கரத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"எடைய முடிச்சிட்டு, சக்கரத்த நீ சுத்துவியா?"

"எனக்குப் புது ஜோடியா அந்த வாயாடிய போட்ருவாங்கக்கா. நாள் பூரா தன் கல்யாணக் கதையச் சொல்லுவான். மூணு கல்யாணம்."

"பயப்படாத. எடையும் வரும், சக்கரமும் வரும்."

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் உச்சி அறைக்கு ஏறிச் சக்கரத்தைச் சுற்றினாள். ஏழு நிமிடம் ஆறாயிற்று. பிறகு ஐந்தேகால். அப்புறம் நாலேகால். தராசும் இரண்டாவது வாரம் மனம் மாறியது. நூறு புள்ளி ஆறு. நூறு புள்ளி ஒன்று. சோதனைக்கு முந்தின நாள் நூறிலேயே முரண்டு பிடித்து நின்றது.

எடை சீருடையோடு போடுவார்கள். கணவர் அவள் பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி மேசைமேல் விரித்தார். மூன்று முறை பிடித்துத் தைத்ததில் மிஞ்சிய துணி, தையலுக்கு உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

"இதையெல்லாம் ஏன் வெட்டாம விட்டீங்க?"

"திரும்ப ஏறிட்டா பிரிச்சு விடணுமே."

"அவ்வளவு நம்பிக்கை."

"தொழில் வழக்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் விடுவேன்."

"வெட்டிடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கத்தரியை எடுத்தார். வெட்டிய துணியைச் சமையலறைத் தராசில் வைத்தார்கள். நூற்றறுபது கிராம்.

சோதனை அன்று மேசையருகே இருந்த பெரிய தராசு தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு என்றது. பூட்ஸோடு. சோதனை அதிகாரி எழுதிக்கொண்டார். புதிதாக வந்தவர். அதிகம் பேசாதவர்.

சக்கரத்துக்கு ஏறுமுன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் சோதனைக் கட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன. பாதி பாரம். குண்டூசி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். பாதி பாரத்தில் இரண்டு பக்கமும் சமம். சக்கரம் விரலுக்கே சுற்றும்.

"நீ செஞ்ச வேலையா?"

"யாருக்குத் தெரியப் போகுது, அக்கா?"

"இறக்கு."

"இடுப்பு ஒடிஞ்சிருச்சுக்கா, ஏத்தினதுல."

"இறக்கறப்ப நிமிந்துடும். இறக்குடா."

முனகிக்கொண்டே இறக்கினான். காலிப் பெட்டி நின்றது. காலிப் பெட்டியை மேலே ஏற்றுவது எளிது; கவுன்டர்வெயிட்டே இழுத்துக்கொள்ளும். கீழே இறக்குவதுதான் கஷ்டம். மறுபக்கத்து இரும்பு முழுவதும் எதிர்த்து நிற்கும்.

உச்சி அறையில் அதிகாரி கடிகாரத்தைக் கையில் எடுத்தார். "ஏத்தறீங்களா, இறக்கறீங்களா? உங்க விருப்பம்."

"இறக்கறேன் சார்."

குண்டூசி கண்ணை மூடிக்கொண்டான். பிரேக் கம்பியைப் பிடித்துத் தளர்த்தினான். அவள் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தாள். முதல் சுற்று வரவில்லை. தோளைச் சாய்த்தாள். வந்தது. இரண்டாவது வந்தது. இரும்பு அவள் உள்ளங்கையில் கனத்தது. அது கான்கிரீட் இல்லை. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அறையில் சக்கரத்தின் சத்தமும் அவள் மூச்சும் மட்டும். கயிறு நகர்ந்தது. ஒரு நிமிடம். இரண்டு. பிடி நழுவவில்லை. தளத்தைக் காட்டும் மஞ்சள் கோடு கயிற்றில் மெல்ல வந்து, எந்திரத்தில் இருந்த கோட்டோடு நேராக நின்றது.

குண்டூசி பிரேக்கைப் போட்டான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் முப்பத்தெட்டு. பேனாவைத் திறந்தவர் எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு மாடி இறக்கட்டுமா சார்?"