காலாவதியாகாத வவுச்சர்

மருந்துக்கடைக்காரிக்குக் காலாவதித் தேதி பார்ப்பதுதான் பிழைப்பு. தேதி விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் அவள் புருஷன். அந்தப் புருஷனும் அவளும் பிரிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சேர்ந்து போகவிருந்த பயணம் ரத்தானபோது, விமானக் கம்பெனி பணத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு வவுச்சர் கொடுத்திருந்தது. டிக்கெட் போட்டவள் அவள் என்பதால் இரண்டும் அவளுடைய மெயிலில் கிடந்தன.

ஒருநாள் அவன் போன் செய்தான்.

"அந்த வவுச்சரைக் கொஞ்சம் அனுப்பு, அவசரம். உன்னோடதும் சும்மாதானே கிடக்கு? நீ எங்க போகப்போற?"

கடைசிப் பேச்சில் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்ன அவசரம் என்றுகூடக் கேட்கவில்லை.

"ரெண்டும் காலாவதி ஆயிடுச்சு."

"அப்படியா? நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்," என்று அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் மாமியார் அழைத்தாள். முந்தின நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், ஆபரேஷனாம்.

"அவன் நாளைக்கு பஸ் ஏறுறானாம். எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வருவியா?"

அப்போதே அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? அத்தைக்காகத்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, தன் வவுச்சரில் தனக்கு மட்டும் டிக்கெட் போட்டாள். அவன் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மாமியார் வாசலையே பார்த்தாள்.

"வந்துட்டானா?"

"வந்துக்கிட்டே இருக்காரு அத்தை."

சொன்ன வாய் கசந்தது.

ஆபரேஷன் முடிந்தும் மாமியார் அவள் கையை விடவில்லை. கிளம்பவும் முடியவில்லை. கசங்கிய சட்டையும் வீங்கிய காலுமாக அவன் உள்ளே வந்தபோது அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இவ பிளேன்ல வந்து நிக்கிறா, நீ ஆடி அசைஞ்சு வர்ற. உனக்கும் அந்த வவுச்சர் இருந்துச்சேடா?" என்றாள் மாமியார்.

அவன் அவளைப் பார்த்தான். ஒரே பார்வைதான், எல்லாம் புரிந்துவிட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

"ஒண்ணுதான்மா செல்லுபடியாச்சு. அவளைப் போகச் சொன்னேன்."

மாமியார் முகம் மலர்ந்தது. "பாத்தியாடி, பிரிஞ்சும் உன்னை விட்டுக்குடுக்கலை என் பிள்ளை!"

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலை நிமிரவே இல்லை.

வராந்தாவில் போனைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"தப்புதாங்க. வெக்கமா இருக்கு. இது உங்களோடது. திரும்பிப் போறப்பவாவது..."

"எதுவரைக்கும் செல்லும்?"

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும்."

அவன் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதியைத் தானே படித்துப் பார்த்தான்.