பேஸ் இல்லாத வரி

1

இந்தக் கதை எனக்குத் தரை வழியாக வந்தது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எங்கும் படித்ததும் இல்லை.

ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் பிழை திருத்துவது என் பிழைப்பு. (இந்தச் சொல்விளையாட்டை வேண்டுமென்று செய்யவில்லை. வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.) எனக்குக் கீழே, முன்பு மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்த கூடத்தில், 'ஈரச்சுவர்' என்ற ராக் குழு சனிக்கிழமை மதியங்களில் ஒத்திகை பார்க்கிறது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். மெத்தை குரலைத் தின்றுவிடும், கிட்டாரைத் தின்றுவிடும், டிரம்ஸில் பாதியைத் தின்றுவிடும். பேஸ் கிட்டாரை மட்டும் அதற்கு மெல்லத் தெரியாது. நாலே நாலு தடித்த கம்பிகள்; அந்தச் சத்தம் தூணேறி, தரையேறி, என் நாற்காலிக் கால் வழியாக முதுகுக்கு வந்து சேரும்.

ஆக, ஈரச்சுவரின் பாடல்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், வெறும் பேஸாகவே மனப்பாடம் செய்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

புதிதாக ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள். அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் தரை சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. பிறகு மறுபடி வரும். யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று கீழே இறங்கிப் போனேன். 

2

எப்படித் தொடங்குவது என்று பார்த்ததில் கழித்தவை சில:

[அவள் வீட்டை விட்டுப் போன அன்று மழை பெய்துகொண்டிருந்தது.] பெய்யவில்லை. எனக்கு மழை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

[இசை என்பது மௌனங்களுக்கு நடுவே] இதை முடிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

[ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு டிரம்ஸ்காரன்.] இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படிப்பவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். டிரம்ஸ்காரன் பாவம், அவன் மேல் பழி விழக் கூடாது.

3

குழுவில் மூன்று பேர்.

பாடுகிறவன், கிட்டார் வாசிக்கிறவன், பாட்டு எழுதுகிறவன் எல்லாம் ஒரே ஆள்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறான். கழுத்து நீளம், நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து இன்னும் நீண்டுவிட்டது. ஒட்டகம் என்று கூப்பிடுவோம். என் வயதுக்காரன், வாடா போடா பழக்கம்.

டிரம்ஸ்காரன் மின்தூக்கி பழுது பார்க்கிறவன். அவனை 'லிஃப்ட்டு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.

பேஸ் வாசிக்கிறவர் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை செய்கிறார். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். மெழுகு வைத்து, பல் அடுக்கி, தேய்த்து, செட்டாகத் திருப்பி அனுப்புவது இவர். அதனால் பல்லக்கா. கட்டிக்கொண்டவனைத் தவிர எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. கட்டிக்கொண்டவன் ஒட்டகம்.

போன வருடம் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அடிதடி, மூன்றாம் ஆள், எதுவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக இருந்தார்கள். பிறகு தனித்தனி வீட்டில் இருந்தார்கள். குழுவை மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பல்லக்கா சொன்னார்: "வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்பா, ஆளுக்கொரு பக்கமாப் போயிடலாம். குழுவுல லிஃப்ட்டு இருக்கானே, அவனை யார் பங்குல சேக்கறது?"

(எங்கள் வட்டாரத்தில் இப்படி ஏழெட்டுக் குழுக்கள் உண்டு. ஒரு குழுவின் ரசிகர்கள் என்றால் மற்ற குழுக்களில் வாசிப்பவர்கள்தாம். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. பாடல்களை இணையத்தில் வெளியிடுவார்கள். ஆசைக்குக் கொஞ்சம் கேசட்டும் போடுவார்கள், கேட்க யாரிடமும் பெட்டி இல்லாவிட்டாலும்.)

4

நான் இறங்கிப் போன அன்று பதிவு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் லிஃப்ட்டு ஒரு மெத்தையை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தான்.

பாட்டின் பெயர் 'கிளம்பினவள்'. பிரிந்த பிறகு ஒட்டகம் எழுதியது. ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறாள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும், 'ஒருமுறைகூடத் திரும்பவில்லை, ஒருமுறைகூட' என்று வருகிறது. நல்ல பாட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வரி வந்ததும் பல்லக்கா உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கினார். வரி முடிந்ததும் மறுபடி வாசித்தார்.

ஒட்டகம் நிறுத்தினான். "அங்க ஏன் விடறே? அங்கதான் பேஸ் வேணும்."

"அந்த வரிக்கு நான் வாசிக்கல."

"ஏன்?"

"வாசிக்கல, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வாசிக்கிறேன்ல."

"அது பாட்டுதானே. நிஜம்னு யாரு சொன்னா?"

"பாட்டுதான். நீ பாடு. உன்னை யாரு வேணாங்கறா?"

லிஃப்ட்டு குச்சியால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒட்டகம் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவானதைப் போட்டுக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் முகம் மெதுவாக மாறியது.

"விடு, இருக்கட்டும்," என்றான். "இப்படியே நல்லாருக்கு."

நிஜமாகவே நன்றாக இருந்தது. காலுக்கடியில் பலகை நகர்ந்துபோய்க் குரல் மட்டும் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி. மூன்று இடங்களிலும் அப்படியே விட்டுப் பதிவு செய்தார்கள்.

5

கேசட் அட்டைக்கு ஒரு பத்தி எழுதித் தரும்படி லிஃப்ட்டு கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அதில் எல்லோரையும் பாராட்டியிருந்தேன். அப்படி எழுதினால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாத மாதிரிதான்.

வெளியான பிறகு இசையைப் பற்றி எழுதுகிற ஒருவர் இணையத்தில் இப்படிப் பாராட்டினார்: பிரிவின் வெறுமையைக் காட்டப் சரணம் முடிகிற வரியில் பேஸை நிறுத்தியது பாடகரின் மேதைமை. தன் துயரத்தைச் சத்தத்தால் நிரப்பாமல் விட்ட அவரது துணிவு, இத்யாதி.

ஒட்டகம் அதற்குக் கீழே நேர்மையாகப் பதில் போட்டான்: "அது என் யோசனை இல்லை, பேஸ் வாசித்தவருடையது." அதற்கு வந்த பதில்: "எவ்வளவு தன்னடக்கம்!"

6

இங்கேதான் கதை நின்றுவிட்டது.

பல்லக்கா ஏன் வாசிக்கவில்லை? எனக்குத் தெரியாது. தெரியாதபோது எழுத்தாளன் என்ன செய்வான்? உள்ளே புகுந்து எழுதுவான். நானும் புகுந்தேன்:

[அவள் மனதில் கோபம் கனன்றது.] ஒத்திகை முடிந்ததும் மூவரும் ஒரே கடையில் தேநீர் குடித்தார்கள். லிஃப்ட்டின் கதையைக் கேட்டு அவர் புரையேறச் சிரித்தார். கோபம் கனல்கிறவர் அப்படியா சிரிப்பார்?

[அவள் இன்னும் அவனைக் காதலித்தாள்.] இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

[அவள் வலிமையான பெண்.] இதை எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். ஒருவரைப் பற்றி எதுவும் தெரியாதபோது சொல்கிற வார்த்தை இது.*

* கவனித்தீர்களா, கழித்த வாக்கியங்களில் மட்டும் அவர் 'அவள்' ஆகிவிடுகிறார். இத்தனைக்கும் நேரில் ஒருநாளும் மரியாதை தவறியதில்லை.

அரைகுறையாக இருந்ததை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

7

ஆய்வகம் ஒரு நீளமான அறை. மேசை முழுக்க வெள்ளை அச்சுகள். வாய் திறந்தபடி ஆளில்லாத வாய்கள். உடன் வேலை செய்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். பல்லக்கா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ரோஸ் நிற ஈறு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே முழுவதையும் படித்தார்.

"ஏம்பா, என்னைப் பத்தி எழுத இப்ப ரெண்டு பேரு ஆயிட்டீங்க. அவன் பாட்டுல, நீ கதையில."

"தப்பா இருந்தா சொல்லுங்கக்கா, எடுத்துடறேன்."

"தப்பு ரைட்டு இருக்கட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேட்டீங்களா?"

"என்ன நடந்துச்சுக்கா?"

அவர் செட்டை அச்சில் பொருத்தி, கடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்தார்.

"பகல்லதான் கிளம்பினேன். பையும் பேஸும் எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டேன். பஸ் வந்துச்சு. ஏறல. திரும்ப வீட்டுக்கு வந்தேன்."

"திரும்ப வந்தீங்களா?"

"வந்தேன். சாவி என்கிட்டதானே இருந்துச்சு. தொறந்துட்டு உள்ளே போனா, அவன் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். தலையில ஹெட்போன். ஏதோ பாட்டை மிக்ஸிங் பண்ணிட்டிருக்கான். நான் பின்னாடி நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"பாட்டு முடிஞ்சுது. மறுபடி முதல்லேருந்து போட்டான். அதுவும் முடிஞ்சுது. அவ்வளவு நேரம்."

"தோளைத் தொட்டிருக்கலாமேக்கா."

"தொட்டா யாரா இருந்தாலும் திரும்புவாங்கப்பா. தொடாம திரும்பறானான்னு பாத்தேன்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பிப் போகும்வரை பல்லக்கா செட்டை மறுபடி துடைத்தார்.

"சாவியை மேசையில வெச்சுட்டு வந்துட்டேன். அதை முதல் தடவையே வெச்சுட்டுப் போயிட்டேன்னு நினைச்சிருக்கான். அதுலேருந்துதான் அந்தப் பாட்டே வந்துச்சு. அவன் பொய் எழுதல. அவனுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதியிருக்கான். அதனால பாடாதேன்னு எப்படிச் சொல்றது? என் கையைத்தான் எடுத்துக்க முடியும்."

பிறகு நான் கேட்காமலே அவர் இப்போது இருக்கிற அறையைப் பற்றிச் சொன்னார். சத்தமே கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஆம்ப்ளிஃபயர் போடாமல் பேஸ் வாசித்தால் ஒன்றும் கேட்காது.

"அதனால அதோட மரத்தைப் பல்லால கவ்விக்குவேன். கவ்விக்கிட்டு வாசிச்சா எலும்பு வழியா மண்டைக்குள்ள வரும். முழுக் கச்சேரி. டிக்கெட் ஒண்ணுதான்." சிரித்தார். "பேஸ்ல என் பல்லு அச்சு விழுந்திருக்கு. பாத்தேன், கடி சரியாத்தான் இருக்கு."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்த அறையை நினைத்துப் பார்த்தேன்: கட்டில் விளிம்பில் ஒருவர், வாயில் மரம், ஊமையாக ஓடும் விரல்கள், அவருக்குள்ளே மட்டும் ஒரு பெரிய சத்தம். அதற்கு உவமை தேடினேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

8

வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதினேன். பிழை திருத்துகிறவன் கையில் முடிவு கிடைத்தால் விடுவானா?

முதல் முடிவில், ஒட்டகத்துக்கு விஷயம் தெரிகிறது. ஆய்வக வாசலில் வந்து நிற்கிறான். இருவரும் ஒன்றும் பேசாமல் சேர்ந்து நடக்கிறார்கள். (அழகாக இருந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.)

இரண்டாவதில் அவனுக்குக் கோபம் வருகிறது. "வந்தவ கூப்பிட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை! எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?" என்று கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. குழு உடைகிறது. லிஃப்ட்டு டிரம்ஸை விற்கிறான்.

மூன்றாவதில், பாட்டின் வரியை மாற்றி எழுதுகிறான். புது வரியை நானே எழுதிப் பார்த்தேன். மகா மட்டமாக வந்தது. பழைய வரிதான் நல்ல வரி. உண்மை இல்லாவிட்டாலும் அதுதான் நல்ல வரி. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை...

9

மூன்றையும் பல்லக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"மூணும் வேணாம்."

"அப்ப கதையே வேணாமாக்கா?"

"கதை இருக்கட்டும். பஸ் ஸ்டாப்பு, சாவி, நான் சொன்னது அத்தனையும் போடு. அவன் படிப்பான். நீ எழுதறது எதையும் அவன் விடமாட்டான். ஆனா படிச்சுட்டு அவன் என்ன பண்ணுவான்னு நீ எழுதக் கூடாது. என்னைப் பத்தி அவன் ஒரு பாட்டு எழுதி, நான் செய்யாததை அதுல நான் செஞ்சதா வெச்சிருக்கான். அவனுக்கு நீ அதைச் செய்யாதே."

"நீங்களே நேர்ல சொல்லிடலாமேக்கா. ஒவ்வொரு வாரமும் பாக்கறீங்க."

"நேர்ல சொன்னா அவன் ஏதாவது சொல்லியாகணும். பாவம், எதையாவது சொல்லிவெப்பான். தனியா உக்காந்து படிச்சான்னா, சும்மா இருக்கணும்னாலும் இருக்கலாம்."

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் எதுவும் கேட்க முடியாது.

ஆகவே வாசகர்களே, உங்களை இங்கேயே உட்காரச் சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை. வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுப்பார்கள். நானும் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் எல்லோர் கையிலும் இல்லை. உங்களில் ஒருவன் கையில் மட்டும்.

ஒட்டகம், நீ இதைப் பெரும்பாலும் கடையில், ஆள் வராத மத்தியானத்தில், கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய். கதையில் பிழை ஏதும் இருந்தால் எனக்குச் சொல். மற்றதை என்னிடம் சொல்லாதே.