வெளிர் மஞ்சளில் நாற்பத்து மூன்று வட்டங்கள்

வியாழக்கிழமை மதியம் பெயிண்டர் இசக்கியப்பன் ரோலரைக் கழுவி வாளிக்குள் போட்டார். வாளியைப் பைக்கில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு காலை கிரகப்பிரவேசம். சமையலறையில் இன்னும் ஒரு கோட்டு பெயிண்ட்கூட அடிக்கவில்லை.

சசிரேகா ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரியில் கட்டியிருக்கும் புது வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவன் பலராமன் ஹாலின் நடுவில் கையில் மார்க்கரோடு நின்றிருந்தான். வெளிர் மஞ்சள் சுவரெங்கும் நீல வட்டங்கள்.

"இன்னா இது?"

"டிஃபெக்ட்டு. இங்க பட்டி சரியா தேய்க்கல. அங்க ரோலர் கோடு. டார்ச் அடிச்சா தெரியுது பாரு." செல்போன் வெளிச்சத்தைச் சுவரோரமாகச் சாய்த்துக் காட்டினான்.

"டார்ச் அடிச்சிக்கினு எவன்யா வூட்ல குந்துவான்? பெயிண்டர் எங்க?"

"கோச்சுக்கினு போயிட்டாரு."

பலராமனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. பெயிண்ட் ஷாப்பில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன். வண்டியின் மேல் தூசியளவு பிசிறு தெரிந்தாலும் வட்டம் போடுவான். அடுத்து நிற்பவன் அதைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வட்டத்தைத் துணியால் துடைத்து அனுப்பிவிடுவான். அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே பழக்கத்தில் ஹாலிலும் படுக்கையறையிலும் நாற்பத்து மூன்று வட்டம் போட்டுவிட்டு, "சரி பண்ணிடுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

சசிரேகா ஈரத்துணியால் ஒரு வட்டத்தைத் துடைத்தாள். போகவில்லை. பலராமன் அதன்மேல் கொஞ்சம் பெயிண்ட் தடவினான். காய்ந்ததும் நீலம் ஊறி மேலே வந்து நின்றது.

"காரு மேல துடைச்சா போயிடும்" என்றான்.

"இது காரா?"

அந்த மஞ்சள் அவள் கேட்டு வாங்கியது. குன்றத்தூரில் வாடகைக்கு இருந்த மூன்று வீட்டிலும், ஓனர்கள் எங்கோ மிஞ்சிய பெயிண்ட்டை அடித்துவைத்திருந்தார்கள். ஓர் அறை ரோஸ், ஓர் அறை பச்சை. சமையலறைக்கு எங்கேயும் பெயிண்ட்டே மிஞ்சியதில்லை. அவள் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலோ தரை, சுவர், கோட்டு, தொப்பி எல்லாம் வெள்ளை. டைல்ஸ், கதவு, ஜன்னல் எல்லாம் உன் இஷ்டம். ஆனால் வாசலிலிருந்து சமையலறை வரை நெய் ஊற்றிய பருப்புச் சோற்றின் நிறம் என்று பலராமனிடம் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனாள். இசக்கியப்பன் தன் அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். இந்தப் பக்கம் வந்து இருபது வருடம்.

"அண்ணாச்சி, அந்தாளு பண்ணது தப்புதான். வாங்க."

"குறை இருந்தா வாயால சொல்லலாம்லா தங்கச்சி? பரீட்சப் பேப்பர் திருத்துத வாத்தியார் மாதிரி வட்டம் போடுதாரு. அதுவும் அழியாத மையில."

"கிச்சன் வெறும் பட்டியோட நிக்குது அண்ணாச்சி. ஹால் எப்படி இருந்தாலும் பரவால்ல. எனக்கு அந்த ரூம் மஞ்சளாவணும்."

இசக்கியப்பன் சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தார். "அப்படின்னா சார் போட்ட வட்டம் அம்புட்டையும் சாரே சுரண்டி, பட்டி வச்சு, தேச்சு வைக்கட்டும். சனிக்கிழமை விடிய வாரேன். கிச்சன்ல ஒரு சுவரும் அவரே அடிக்கணும்."

"அது எதுக்கு?"

"சும்மாதான். நானும் பாக்கணும்லா."

வெள்ளிக்கிழமை பலராமன் லீவு போட்டான். லைனில் ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் போனில் கத்தினார். காலை எட்டு மணிக்குச் சுரண்ட ஆரம்பித்தவன், கடைசி வட்டத்தைத் தேய்த்து முடிக்கும்போது ஆறு மணி. புருவமெல்லாம் வெள்ளை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பாதி வட்டங்களுக்குள் என்ன குறையைப் பார்த்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை சசிரேகாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை சொன்னபடி இசக்கியப்பன் வந்தார். மதியத்துக்குள் ஹாலும் படுக்கையறையும் முடிந்தன. சமையலறையில் மூன்று சுவரை அடித்துவிட்டு, கதவை ஒட்டிய நான்காவது சுவரைக் காட்டி ரோலரை நீட்டினார்.

"அழுத்தாதீங்க சார். சப்பாத்தியா தேய்க்கீங்க?"

பலராமன் மெதுவாக உருட்டினான்.

"காயுததுக்குள்ள அடுத்த வரி வரணும். நின்னு யோசிச்சா கோடு விழுந்திரும்."

கோடு விழுந்தது. ஒன்றல்ல, மேலிருந்து கீழ்வரை ஏழெட்டு. டார்ச் தேவைப்படவில்லை.

சசிரேகா ஓரமாக நின்று பார்த்தாள். "இன்னா இன்ஸ்பெக்டர், மார்க்கர் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"இதுமேல நான் இன்னொரு கோட்டு ஓட்டிரட்டா தங்கச்சி?" என்றார் இசக்கியப்பன்.

அவள் நான்கு சுவரையும் ஒரு சுற்று பார்த்தாள். "வேணாம் அண்ணாச்சி. மஞ்சளா கீதுல்ல. அவுரு சுவரு அப்படியே இருக்கட்டும்."

ஞாயிறு காலை பால் காய்ச்ச எல்லோரும் சமையலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கலர் நல்லா இருக்கு, கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு என்று சொன்னார்கள். சசிரேகா அடுப்பருகே தலை நிமிர்ந்து நின்றாள். பலராமன் மட்டும் கதவை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளை அகல விரித்து நின்றிருந்தான். முன்னால் வந்து நிற்கச் சொல்லி எல்லோரும் கூப்பிட்டார்கள். நகரவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்த இசக்கியப்பன் பையிலிருந்து செல்போனை எடுத்தார். டார்ச் எரிந்தது.

"அண்ணாச்சி, வேணாம்" என்றான் பலராமன்.

"பால் பொங்கிட்டான்னு பாக்கேன் சார்" என்றார் அவர்.