அடுத்த வார்த்தை

கம்பெனி பஸ் சிப்காட் தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டுவதற்குள் கல்பனா தன் போனை அஞ்சம்மாளிடம் நீட்டிவிட்டாள். ஷிப்ட் முடிந்த கையோடு அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எச்.ஆர். துளசிராமனுக்கு மனு அனுப்ப வேண்டும். அஞ்சம்மாளின் போனிலோ தமிழ் அடிக்க வராது.

கல்பனாவின் இந்தப் பரிவு சும்மா வந்ததில்லை. அவள் லைன் லீடர். லைனுக்குள் போன் வைத்துக்கொள்ள அவளுக்கு மட்டும் அனுமதி உண்டு. மற்றவர்கள் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். டார்கெட் குறைந்தால் காரணத்தை ஆள் பெயரோடு துளசிராமனுக்கு எழுத வேண்டும். பதினைந்து நாளாக ஒரே பெயர், ஒரே காரணம். அந்தக் காரணத்தை அஞ்சம்மாள் அவள் ஒருத்தியிடம்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். எழுதி அனுப்பியதையெல்லாம் கல்பனா உடனுக்குடன் அழித்தும் விட்டாள். பெரிய கெட்டிக்காரி!

கல்பனா தன் போனில் தமிழ் கீபோர்டை இறக்கிய அன்று, அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்க நீங்கள் அடிப்பதையெல்லாம் கவனித்து வைத்துக்கொள்ளலாமா என்று அது கேட்டது. எங்கேயோ இருக்கிறவன் என் கதையைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறான் என்று சம்மதம் கொடுத்தாள். பக்கத்து சீட்டில் இருப்பவளைப் பற்றி யோசிக்கவில்லை.

அஞ்சம்மாள் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தாள். எழுத்துகளுக்கு மேலே 'கர்ப்பப்பை' என்று வந்து நின்றது. விரல் தயங்கி அதைத் தொட்டது. 'கோளாறு' வந்தது. தொட்டாள். 'நிற்க'. தொட்டாள். 'முடியல'. அதையும் தொட்டாள். 'வேற'. 'ஆள்'. 'போடுங்க'. 'சார்'.

கல்பனாவுக்குக் காது மடல் கொதித்தது. போனைப் பிடுங்கவும் கை வரவில்லை.

அஞ்சம்மாள் கத்தவில்லை. வந்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுப் போனைக் கல்பனாவின் மடியில் வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கே நான் இன்னும் சொல்லல கல்பனா."

"டார்கெட் கொறஞ்சா என் வேல பூடும்னு பயந்துட்டேன்க்கா."

"எனக்கும் அந்த பயந்தான். அதான் உங்கிட்ட மட்டும் சொன்னேன்," என்றாள் அஞ்சம்மாள். எழுந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இறங்க வேண்டிய கவரைப்பேட்டை வரும்வரை கல்பனா தலை நிமிரவில்லை.